சுழியால் வகுத்த பாஸ்கரர்

சுழியால் வகுக்கலாகாது என்பது மாறாத உண்மையா, நாம் வகுத்துக்கொண்ட கணித அமைப்புக்கு உட்பட்டதா? இந்தியக் கணித வரலாற்றில் இவ்வினாவுக்கு நல்ல உரைகல் உண்டு.

628-இல் பிரம்மகுப்தர், சுழியைச் சுழியால் வகுத்தால் சுழியே என்றார். ஏறத்தாழ 850-இல் மகாவீரர், சுழியால் வகுக்கப்பட்ட எண் மாறாது என்றார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அதனைக் ‘கஹரம்’ என்றழைத்தார். எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாத முடிவிலி அது. மூவரும் பிழைத்தனர் என்று கடந்து செல்வது எளிது.

ஆனால் ‘லீலாவதி’யில் ஒரு கணக்கு வருகிறது. ஓர் எண்ணைச் சுழியால் பெருக்கி, வந்ததுடன் அதன் பாதியைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, சுழியால் வகுத்தால் 63, அவ்வெண் யாது? விடை 14. இன்றைய எண்கணிதத்தில் இக்கேள்வியே பொருளற்றது. முதற்படியிலேயே எண் அழிந்துவிடுகிறது. பாஸ்கரரோ, மேற்கொண்டு செயல்கள் எஞ்சியிருக்கையில் பெருக்கிய சுழியைக் குறியாகவே நிறுத்திவைக்கச் சொல்கிறார். வகுக்கும் சுழி வந்ததும் இரண்டும் நீங்குகின்றன. சுழிக்குப் பதிலாகச் சுருங்கிக்கொண்டே செல்லும் சிற்றளவு ஒன்றை வைத்துப் பார்த்தால், 14 பிழையற்ற விடை. கோள்கணிதத்தில் இம்முறை பெரிதும் பயன்படும் என்று அவரே குறித்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

சூழலைக் காட்டி எல்லாவற்றையும் காத்துவிட இயலாது. மகாவீரர் விதிப்படி 5-ஐச் சுழியால் வகுத்தால் 5 எனில், 5-ஐச் சுழியால் பெருக்கினாலும் 5 வரவேண்டும். அவரே அதனைச் சுழி என்கிறார். எவருக்கும் பங்கிடாத பொருள் அப்படியே இருக்கும் என்று எண்ணினார் போலும். வகுத்தல் பெருக்கலின் மறுதலை என்னும் வரையறையைக் கைவிட்டாலன்றி அவருடைய இரு விதிகளும் ஒருங்கே நில்லா.