சிப்பாய் எழுதிய கடிதம்



1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கு நான்கு நாட்கள் கழித்து, இந்தியப் படை பிரான்சு நாட்டு மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. முன்னதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். பின்னதை அறிந்தோர் சிலரே. அப்போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பணிபுரிந்த இந்தியர் 1,30,000க்கும் மேற்பட்டவர். அங்கே நவ் சப்பேல் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

கல்லூரி வகுப்பு ஒன்றில் இச்செய்திகளை ஒருமுறை நான் பாடமாகச் சொன்னேன். மாணவர்கள் எண்களைக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மறுநாள், அச்சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள் சிலவற்றைத் தமிழாக்கி எடுத்துச் சென்று படித்துக் காட்டினேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. மழையும் பனியும் சேறும் நிறைந்த பதுங்குகுழியில் இருந்துகொண்டு ஒருவர் விளைச்சல் எப்படி என்று கேட்கிறார். மற்றொருவர் எருமையை விற்றுவிட வேண்டாம் என்கிறார். பிரெஞ்சுப் பெண்கள் படித்திருப்பதைக் கண்டு வியந்து, தம் வீட்டுப் பெண்ணையும் பள்ளிக்கு அனுப்பச் சொல்பவரும் உண்டு.

அப்பொழுது ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, பல கடிதங்களில் நலமாக இருக்கிறேன் என்றே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் போர் நாம் நினைத்த அளவுக்குக் கொடியதன்றோ?” என்று கேட்டார்.

பிழை அவருடையதன்று, என்னுடையது. கடிதத்தைக் காட்டினேனேயன்றி, அது வந்த வழியைக் காட்டவில்லை. ஆகவே அவ்வழியைச் சொல்லத் தொடங்கினேன்.

அச்சிப்பாய்களுள் எழுத்தறியாதவர் பலர். ஆதலால் உடனிருந்த எழுத்தறிந்த ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்தனர். அது முதல் கை. பிறகு படைப்பிரிவின் ஆங்கில அதிகாரி அதைப் பார்த்தார். அடுத்துத் தணிக்கை நிலையம். அரசுக்கு எதிரான எழுத்துக்கள் படையினுள் பரவக்கூடும் என்ற அச்சத்தால் 1914ஆம் ஆண்டிலேயே தணிக்கை தொடங்கிவிட்டது. புலோன் நகரில் ஈவ்லின் ஹோவெல் என்னும் அதிகாரியின் தலைமையில் இந்தியக் கடிதங்கள் படிக்கப்பட்டன. உருது, பஞ்சாபி, இந்தி, பஷ்தூ முதலிய மொழிகளில் இருந்தவற்றுள் தெரிந்தெடுத்த பகுதிகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அறிக்கைகளாயின. மூலக் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று கிடைப்பதில்லை. அவ்வறிக்கைகளே லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் எஞ்சியுள்ளன. அவற்றிலிருந்து டேவிட் ஒமிசி என்னும் வரலாற்றாசிரியர் தொகுத்த நூல் 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. கடைசியில், தமிழாக்கிய நானும் ஒரு கை.

தம் கடிதம் பிறரால் படிக்கப்படும் என்பதைச் சிப்பாய்கள் அறிந்திருந்தனர். ஆகவே சிலர் மறைமொழி கையாண்டனர். கரிய மிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவந்த மிளகாய் என்றால் ஆங்கிலச் சிப்பாய். கரிய மிளகு தீர்ந்துவருகிறது என்று எழுதினால், எத்தனை உயிர்கள் மாய்ந்தன என்பதை ஊரில் உள்ளவர் உணர்ந்துகொள்வர். இன்னும் சிலர், தம்பியைப் படையில் சேரவிடாதீர்கள் என்பதைக் குறிப்பால் தெரிவித்தனர். தணிக்கை அதிகாரிகளும் இக்குறிப்புகளைப் புரிந்துகொண்டார்கள் என்பதனாலேயே அவை அறிக்கையில் இடம்பெற்று நம் கைக்கு வந்தன!

நான் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்தார். “ஐயா, என் தந்தை இராணுவத்தில் இருக்கிறார். எல்லையிலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம், நன்றாக இருக்கிறேன், நீ சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். அங்கே என்ன நடந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் தடுத்ததனால் அன்று, அம்மா பக்கத்தில் இருப்பதனால்” என்றார்.

வகுப்பில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. என் பாடத்தில் இல்லாத ஒன்றை அவர் சொல்லிவிட்டார். தணிக்கை அதிகாரிக்கு அஞ்சி மறைத்தது ஒருபுறம். தாயின் கண்ணீருக்கு அஞ்சி மறைத்தது மற்றொருபுறம். ‘நலம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இவ்விரண்டும் அடங்கியிருக்கலாம். அதை அப்படியே நம்புவதும் தவறு. பொய் என்று தள்ளுவதும் தவறு.

தமிழ்நாட்டிலும் சில ஊர்களில், அம்மாபெரும் போருக்கு இவ்வூரிலிருந்து சென்றவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர் என்று கூறும் கல்வெட்டுகள் உள்ளன. எண் உண்டு, பெயர் இல்லை. எண்ணுக்குப் பின்னே மனிதர் இருந்தார் என்பதைக் கடிதமே காட்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பழம்பெட்டியிலும் அத்தகைய கடிதம் ஒன்று கிடைக்கலாம். கிடைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை எழுதியது யார் கை? இதை யாரெல்லாம் படிப்பார்கள் என்று அவர் எண்ணினார்? எதைச் சொல்லாமல் விட்டார்? மூன்றாவது கேள்விக்கு விடை தேடுகிறபோதுதான் போரின் வரலாறு உங்களுக்கு விளங்கத் தொடங்கும்.