மாத்திரையும் சோறும்: காசநோய் ஆய்வில் உணவின் இடம்

1. ஆய்வுப் பொருள்

காசநோய்க்கு மருந்து உண்டு. ஐசோனியாசிட் 1952இல் புழக்கத்துக்கு வந்தது. ரிஃபாம்பிசின் சேர்ந்த ஆறு மாதக் கூட்டுச் சிகிச்சை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1.08 கோடிப் பேர் புதிதாக நோய்ப்பட்டனர் என்றும், 12.5 லட்சம் பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அந்த நோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் இந்தியர்.

கிருமியைக் கொல்லத் தெரிந்த பிறகும் இத்தனை பேர் ஏன் நோய்ப்படுகிறார்கள், ஏன் சாகிறார்கள்? இதற்குப் பல விடைகள் சொல்லப்படுகின்றன: தாமதமான கண்டறிதல், மருந்தை எதிர்க்கும் கிருமிகள், மது, புகை, நீரிழிவு. இக்கட்டுரை இன்னொரு விடையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பசியே இந்நோயின் மிகப் பெரிய துணைக் காரணம் என்பதைக் கடந்த சில ஆண்டுகளின் இந்திய ஆய்வுகள் களத்தில் நிறுவியிருக்கின்றன. உணவு முக்கியமில்லை என்ற எண்ணம் வேரூன்றியதற்கு அடித்தளமாக அமைந்ததும் இந்திய ஆய்வுதான்; அது சென்னையில் நடந்தது. அந்த ஆய்வு தவறல்ல. தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அது சரியாக விடை சொன்னது. கேட்கப்படாத கேள்விகளுக்கும் அதுவே விடை என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதே என் வாதம்.

2. சென்னை ஆய்வும் அது சொன்னதும்

மருந்து வருவதற்கு முன் காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் இந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது. ஆனால் 1950களின் இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகளோ மிகச் சில. படுக்கை கிடைக்காதவர் என்ன செய்வது என்பது அன்றைய பொதுச் சுகாதாரத்தின் தலையாய கவலை.

அந்தக் கவலையிலிருந்து 1956இல் சென்னைக் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இம்மையத்தின் வழித்தோன்றல். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வில் 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் மதனப்பள்ளி சானடோரியத்தில் தங்கினர்; மற்றவர்கள் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் தம் வீட்டிலேயே இருந்து அதே மருந்துகளை ஓராண்டு சாப்பிட்டார்கள்.

1959இல் வெளிவந்த முடிவு உலகக் காசநோய்க் கொள்கையையே மாற்றியது. வீட்டிலிருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைவிட மோசமாகச் சாப்பிட்டார்கள், குறைவாக ஓய்வெடுத்தார்கள், நெரிசலில் வாழ்ந்தார்கள். எடையும் அவர்களுக்குக் குறைவாகவே கூடியது. ஆனாலும் சளியில் கிருமி மறைவதில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உணவின் பங்கைத் தனியே ஆராய்ந்து 1961இல் வெளிவந்த கட்டுரையும் இதையே உறுதிசெய்தது. நோயாளி வீட்டிலிருப்பதால் உடன் வாழ்வோர் கூடுதலாக நோய்ப்படவில்லை என்பதும் பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஏழை நோயாளியை ஊரிலிருந்தும் வேலையிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் பிரிக்காமல் குணப்படுத்தலாம் என்று காட்டியது மருத்துவ வரலாற்றின் பெரும் கருணைச் செயல்களில் ஒன்று. அதைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அது அளந்தது எதை என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மருந்து ஒழுங்காகச் செல்லும் உடலில் கிருமி மறைகிறதா என்பதை அது அளந்தது. மிக மெலிந்த நோயாளி முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவாரா என்ற கேள்விக்கு 193 பேர் போதாது. உடன் வாழ்வோர் விஷயத்தில் அது பார்த்தது நோயாளி வீட்டில் இருப்பதன் விளைவை. அந்த வீட்டுப் பானையில் என்ன வெந்தது என்பதன் விளைவை அல்ல. இந்த இரண்டு இடைவெளிகளும் அறுபது ஆண்டுக்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. மருந்து போதும் என்ற சொல் மட்டும் பாடநூல்களில் தங்கிவிட்டது.

3. கிருமி புகுதலும் நோய் வெளிப்படுதலும்

காசநோய்க் கிருமி உடலில் புகுந்த பெரும்பான்மையோருக்கு நோய் வருவதேயில்லை. நோயெதிர்ப்புச் செல்கள் கிருமியைச் சூழ்ந்து அடைத்துவைத்து விடுகின்றன. வாழ்நாளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மட்டும் அந்த அடைப்பு உடைகிறது. அதை உடைப்பது எது என்பதில்தான் உணவின் பங்கு வருகிறது.

அடைப்பைக் காப்பவை டி செல்களும் அவை சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா போன்ற பொருள்களும். புரதமும் ஆற்றலும் குறைந்த உடலில் இச்செல்கள் சுருங்கிப்போகின்றன. புரதக் குறைபாட்டில் வைக்கப்பட்ட சுண்டெலிகள் காசநோய்க் கிருமி செலுத்தப்பட்டதும் விரைவாக இறந்ததையும், முழு உணவு திரும்பக் கிடைத்தவை தம் எதிர்ப்பாற்றலை மீட்டுக்கொண்டதையும் 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கினிப்பன்றிகளில் இதற்கு இணையான முடிவு அதற்கு முன்பே கிடைத்திருந்தது: புரதம் குறைந்த விலங்குகளில் பி.சி.ஜி. தடுப்பூசியின் காப்பு மங்கியது. உணவு சீரானதும் மீண்டது. மெலிவால் வரும் எதிர்ப்பாற்றல் குறைவு மீட்கத்தக்கது என்பது இவ்விரண்டிலும் உள்ள முக்கியச் செய்தி. எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எச்.ஐ.வி.க்கு வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். பசிக்கு வேண்டியது உணவு மட்டுமே.

மனிதரிடையேயும் சான்றுகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய முகாமொன்றில் பிரிட்டிஷ் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் வந்தன. ரஷ்யக் கைதிகளுக்கு வரவில்லை. ரஷ்யர்களிடையே காசநோய் பல மடங்கு அதிகமாக இருந்ததை 1946இல் லேட்டன் என்ற மருத்துவர் பதிவுசெய்தார். இங்கிலாந்தின் பாப்வொர்த் குடியிருப்பில் நோயாளிகள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வேலையும் கூலியும் நல்ல உணவும் உறுதிசெய்யப்பட்டிருந்தன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் உடலில் கிருமி புகுந்தாலும் நோய் குறைவாகவே வந்தது. உடல் நிறைக் குறியீட்டெண் ஓர் அலகு கூடினால் காசநோய் ஏறத்தாழ 14 சதவீதம் குறைகிறது என்று 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு கணக்கிட்டது.

இவை எல்லாம் தொடர்பைக் காட்டின, காரணத்தை நிறுவவில்லை. நோய் வந்ததால் மெலிந்தாரா, மெலிந்ததால் நோய் வந்ததா என்ற ஐயத்தைத் தீர்க்க, நோயில்லாத மனிதருக்கு உணவு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

4. ஜார்க்கண்ட் ஆய்வு

4.1 அமைப்பு

அதைச் செய்தது 2019 ஆகஸ்டில் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. மங்களூரு எனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் சென்னைத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இணைந்து நடத்தினார்கள். அரசுத் திட்டத்தில் பதிவான நுரையீரல் காசநோயாளிகள் 2,800 பேர். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் 10,345 பேர். பங்கேற்றவர்களில் பழங்குடி மக்கள் மிகுதி.

நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் கிடைத்தன: அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். இவற்றோடு சத்து மாத்திரையும் உண்டு. நாளொன்றுக்கு இது 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் தரும். ஒரு பாதி வீடுகளில் உடன் வாழ்வோருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை தரப்பட்டன. நாள் கணக்கில் அது 750 கலோரி, 23 கிராம் புரதம். மறுபாதி வீடுகளில் உடன் வாழ்வோருக்குத் தனிப் பங்கு இல்லை. 2022 ஜூலை வரை எல்லோரையும் பின்தொடர்ந்தார்கள். இடையே பெருந்தொற்றும் ஊரடங்கும் வந்தன என்பதை நினைத்தால், இந்த ஆய்வு முடிந்ததே பெரிது.

4.2 நோயாளிகளின் எடை

முடிவுகளுக்கு முன் தொடக்கநிலை அளவுகளில் சற்று நிற்க வேண்டும். சேர்ந்த அன்று ஆண்களின் சராசரி எடை 42.6 கிலோ; பெண்களின் சராசரி 36.1 கிலோ. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடைக் குறைவு. ஏறத்தாழ பாதிப்பேரின் உடல் நிறைக் குறியீட்டெண் 16க்கும் கீழ். மருத்துவம் இதைக் கடும் மெலிவு என்று வகைப்படுத்துகிறது. முப்பத்தாறு கிலோ என்பது நன்றாகச் சாப்பிடும் பதினோரு வயதுப் பிள்ளையின் எடை. வளர்ந்த பெண்களுடைய சராசரி அது. இந்த உடல்களுக்கு மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவதை இனியும் முழுச் சிகிச்சை என்று சொல்ல முடியாது.

4.3 முடிவுகள்

உடன் வாழ்வோரிடையே மொத்தம் 218 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு பெற்ற வீடுகளில் 96 பேர். பெறாத வீடுகளில் 122 பேர். பின்தொடர்ந்த காலத்தையும் பிற காரணிகளையும் கணக்கில் கொண்டால் எல்லா வகைக் காசநோயும் 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. சுமார் முப்பது வீடுகளுக்கு உணவு கொடுத்தால் ஒரு நோயைத் தடுக்கலாம். பல தடுப்பூசி முயற்சிகள் எட்ட முடியாத அளவு இது. அதுவும் அரிசியாலும் பருப்பாலும்!

நோயாளிகளில் 94 சதவீதம் பேர் சிகிச்சையை வெற்றியாக முடித்தார்கள். 108 பேர், அதாவது நூற்றில் நான்கு பேர், இறந்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை ஒரு சதவீதம் கூடினால் இறப்பு அபாயம் 13 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து சதவீதம் கூடியவர்களிடம் ஏறத்தாழ 60 சதவீதம் குறைவு. முப்பத்தாறு கிலோ பெண்ணுக்கு ஐந்து சதவீதம் என்பது இரண்டு கிலோகூட இல்லை.

4.4 வரம்புகள்

இரு முடிவுகளின் வலிமையும் ஒன்றல்ல. நோய்த் தடுப்பு பற்றியது சமவாய்ப்புப் பங்கீட்டில் வந்தது. காரணத்தைச் சொல்ல அதற்குத் தகுதி உண்டு. இறப்பு பற்றியது அப்படியல்ல. நோயாளிகள் எல்லோருக்கும் உணவு தரப்பட்டதால் ஒப்பிடத் தனிக் குழு இல்லை. எடை கூடியவர்கள் ஏற்கெனவே நோயின் பிடி தளர்ந்தவர்களாகவும் இருக்கலாம். நாற்பது கிலோ நோயாளிக்கு உணவை மறுத்து ஒப்பீட்டுக் குழுவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆய்வாளர்கள் சரியான முடிவையே எடுத்தார்கள். அந்த முடிவுக்கு அறிவியல் கொடுத்த விலை இது என்பதை மட்டும் வாசகர் அறிய வேண்டும்.

5. கொள்கை எங்கே நிற்கிறது

காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தும் நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்து தொகை 1,000 ரூபாய் ஆனது. நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொட்டலம் தரலாம் என்ற விரிவாக்கமும் அந்த ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. ஆனால் குடும்பத்தாருக்கான உணவு நன்கொடையாளர்களை நம்பியே நிற்கிறது. மாத்திரை வருவதை எந்த நன்கொடையாளரின் மனத்துக்கும் விட்டுவைப்பதில்லை. தடுப்பு மருந்தென்று நிறுவப்பட்ட உணவையும் அப்படி விட்டுவைப்பது முறையல்ல.

6. தமிழ்நாட்டில்

2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் இறப்பின் பக்கத்திலிருந்து இதே சிக்கலை அணுகியது. சென்னைத் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் இதை வகுத்தன. நோய் கண்டறிந்த உடனே செவிலியரோ களப்பணியாளரோ எடை, உயரம், மூச்சு வீதம், ரத்த ஆக்சிஜன் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறதா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீட்டெண் 14 அல்லது அதற்கும் கீழே உள்ளவர்கள், மூச்சு தடுமாறுபவர்கள், நிற்க முடியாதவர்கள் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகிறார்கள். ஆய்வகம் வேண்டாம்; எடை பார்க்கும் கருவி, அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும். சானடோரியம் தேவையில்லை என்று உலகுக்குச் சொன்ன நகரத்திலிருந்தே, சிலருக்குப் படுக்கையும் உணவும் கட்டாயம் தேவை என்ற திருத்தமும் வந்திருக்கிறது. முதலாவது சொன்னது பெரும்பாலான நோயாளிகளைப் பற்றி. இரண்டாவது சொல்வது சாகப்போகிற சிலரைப் பற்றி.

தடுப்பின் பக்கம் இங்கே இனிமேல்தான் வேலை இருக்கிறது. ஜார்க்கண்டின் உணவுக் கூடையை அப்படியே கொண்டுவர முடியாது. தமிழ்நாட்டில் எல்லோருக்குமான பொது விநியோகத்தில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. மலிவு விலையில் துவரம் பருப்பும் பாமாயிலும் உண்டு. இங்குள்ள ஏழை வீட்டில் குறைவது பெரும்பாலும் அரிசியல்ல, புரதம். இதோடு நீரிழிவும் சேர்கிறது: 2012இல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வொன்றில் காசநோயாளிகளில் 25.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. ஏறத்தாழ அதே அளவினர் அதன் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மாதம் 5 கிலோ அரிசியைக் கூட்டித் தருவது பொருந்தாது. முட்டை, கடலை, பயறு, பால், நிலக்கடலை ஆகியவற்றை வைத்து இன்னொரு கூடையை வகுக்க வேண்டும். மெலிந்தவர் வீட்டில் ஒன்றும் நீரிழிவுள்ளவர் வீட்டில் வேறொன்றுமாக அதைச் சமவாய்ப்பு முறையில் சோதிக்க வேண்டும். சேத்துப்பட்டு நிறுவனத்துக்கு அந்தத் திறமை இருக்கிறது, நியாயவிலைக் கடைகள் ஊர்தோறும் இருக்கின்றன. முதல் வேலையாக, இப்போது நோயாளியை மட்டும் நிறுத்திப் பார்க்கும் எடைக் கருவியில் அவரோடு வீட்டில் வாழும் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்துப் பதிவேட்டில் எழுதத் தொடங்கலாம்.