சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள்

புதுக்கோட்டைக் கிராமத்துப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் திரள்திரளாகச் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தப் பேச்சில் பெரும்பாலும் சைக்கிள்தான் கதாநாயகன்: வண்டி வந்தது, கூடவே விடுதலையும் வந்தது. நடந்தவற்றின் வரிசை இதற்கு ஒத்துவரவில்லை. வண்டி அங்கே புதிதல்ல. அப்பனும் அண்ணனும் புருஷனும் காலங்காலமாக அதில்தான் போய்வந்தார்கள். இல்லாதிருந்தது, ஒரு பெண்ணை ஏற்றிவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட ஓர் ஆள். அந்த ஆளைக் கொடுத்தது எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம். மாற்றத்தின் பெரும்பங்கு சம்பளமில்லாமல் உழைத்த அந்தத் தொண்டர்களுக்கே சேரும்.

1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானதும், தொண்டர்களைக் கொண்டு எழுத்தறிவு புகட்டும் அந்த வழிமுறை பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 1991இல் புதுக்கோட்டையில் இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். பாடம் சொல்லித்தரும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ் வசதியோ குறைவு. எனவே அரிச்சுவடியோடு சைக்கிளும் பாடமானது. கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி நகரை வலம்வந்தார்கள். ஒன்றரை ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கடைகளில் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனது இதற்குப் பிறகுதான். காத்திருக்க முடியாமல் ஆண்கள் வண்டியை வாங்கியவர்கள் உண்டு. விரும்பியே வாங்கியவர்களும் உண்டு. சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவிலுள்ள பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! ஓட்டத் தெரிந்து, தன் தேவையும் அறிந்தவர் செய்த தேர்வு அது.

ஆட்சியரின் அதிகாரம் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். கடினம்தான். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க அவர் முனைந்தது பெரிய உதவி. ஆனால் அரசாணை வங்கி மேலாளரை அசைக்கும். தெருமுனையில் நின்று கிண்டலடிக்கும் வாயை அடைக்காது. ஒருத்தி தனியாக ஓட்டினால் கேலிப்பொருள். ஞாயிற்றுக்கிழமை திடலில் ஐம்பது பேர் சேர்ந்து விழுந்து எழுந்தால் கேலி எடுபடாது. அந்த ஐம்பது பேரைத் திரட்டியவர்கள் தொண்டர்கள். தேவை இருந்தது, எப்படியும் கற்றிருப்பார்கள் என்பாரும் உண்டு. குடிநீருக்கும் சந்தைக்கும் நடக்கும் தேவை பல தலைமுறையாக இருந்ததுதான். தேவை மட்டும் போதுமென்றால் இவ்வளவு காலம் ஏன் பிடித்தது?

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: தொண்டு உற்சாகத்தில் ஓடுவது, இயக்கம் ஓய்ந்தால் அதுவும் ஓயும், திட்டம்தான் நிலைக்கும். 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் மற்றவர்களுக்கும் விரிந்து, பல ஆட்சிகளைக் கடந்தும் நின்றதே? உண்மை. ஆனால் திட்டம் தருவது வண்டியை. செயின் கழன்றால், ட்யூப் பஞ்சரானால் அது வீட்டுச் சுவரில் சாய்ந்துவிடும். சைக்கிள் கடையில் ஸ்பேனர் பிடிக்கும் பெண் இன்றும் அபூர்வம். டயரை நெம்பி, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப்போட ஒரு மாணவிக்கு ஒரு மாலை போதும். அன்று ஓட்டக் கற்றுத்தர ஊருக்கு ஊர் ஆள் கிடைத்தார்கள். பழுதுபார்க்கக் கற்றுத்தரவும் பள்ளிக்கு ஒருவர் முன்வரட்டும்.