உப்பு நீர் கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில், என் தங்கையின் ஏழு மாதக் குழந்தை மூச்சுத் திணறலால் துன்புற்றது. விலா எலும்புகளுக்கிடையே சதை குழிவிழ, ஒவ்வொரு மூச்சையும் அது போராடி இழுத்தது. மருத்துவமனைக்கு எடுத்தோடினோம். மருத்துவர் பிராணவாயு கொடுத்தார். மூக்கை அடைத்திருந்த சளியை அகற்றினார். பாலைக் குழாய் வழியே சிறிது சிறிதாகச் செலுத்தச் செய்தார். "மருந்து ஒன்றும் இல்லையா?" என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். "இதற்கு மேல் செய்வன குழந்தைக்கு உதவும் என்று உறுதி கூற இயலாது" என்றார் அவர். அவ்விடையின் பின்னே ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். அதனையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று கூற விழைகிறேன்.

அந்நோயின் பெயர் பிராங்கியோலைட்டிஸ். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றுவது. நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக் குழல்கள் வீங்கிச் சளியால் அடைபடுகின்றன. இதற்குத் தலையாய காரணம் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். 1956-இல் அமெரிக்காவில் சளிபிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் என்பாரும் அவர்தம் தோழர்களும் நோயுற்ற குழந்தைகளிடம் அதனைக் கண்டனர். பகைவன் இன்னான் என்பது தெரிந்துவிட்டது. அவனை வெல்லும் படைக்கலந்தான் கிட்டவில்லை.

அப்போது எளியதோர் எண்ணம் எழுந்தது. சாதாரணச் சலைனில் 100 மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் உப்பு உண்டு. அதனை 3 கிராமாக உயர்த்தி, நெபுலைசர் கருவியால் பனிபோலாக்கிக் குழந்தையைச் சுவாசிக்கச் செய்தால் என்ன? உப்பிட்ட மாங்காய் நீர்விடுவதை நாம் அறிவோம். அதுபோலவே செறிந்த உப்பு நீர், வீங்கிய திசுக்களிலிருந்து நீரை ஈர்க்கும், வீக்கம் தணியும், கெட்டிச் சளி இளகும் என்று கருதினர்.

2003-இல் இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள், மருத்துவமனையிலிருந்த 52 குழந்தைகளிடம் இதனைச் சோதித்தனர். சாதாரணச் சலைன் பெற்றோர் சராசரி 4 நாளும், செறிந்த சலைன் பெற்றோர் 3 நாளும் தங்கினர். பல சோதனைகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வும் ஏறத்தாழ ஒரு நாள் குறைகிறது என்றது. விலை மலிந்த உப்பு நீர் ஒரு நாள் துன்பத்தைக் குறைக்குமாயின், யார்தாம் மகிழார்?

ஆயினும் விஞ்ஞானம் மகிழ்ச்சியோடு நின்றுவிடவில்லை. பிரிட்டனில் 317 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. உப்பு நீர் பெற்றவரும் பெறாதவரும் ஏறத்தாழ 76 மணி நேரத்தில் வீடு திரும்பும் நிலையை எய்தினர், வேறுபாடு இல்லை. 2017-இல் பிரான்சில், அவசரப் பிரிவுகளுக்கு வந்த 777 குழந்தைகளின் சோதனை வெளியாயிற்று. அங்கும் மருத்துவமனையில் சேர்க்கும் தேவை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதே ஆண்டில் காக்ரேன் மீண்டும் தொகுத்தபோது, முன்பு ஒரு நாளாக இருந்த பயன் அரை நாளுக்கும் குறைவாய்ச் சுருங்கிற்று. 2015-இல் பிரிட்டனின் வழிகாட்டி நெறி இச்சிகிச்சை வேண்டா என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ, 2014-இல், அவசரப் பிரிவில் வேண்டா, மருத்துவமனையில் தங்கியோருக்கு வேண்டுமாயின் அளிக்கலாம் என்றது.

மாங்காய் உவமை தவறன்று. அது கேட்க இனிது. ஆனால் கேட்க இனிதாயிருப்பது மட்டுமே மெய்ம்மைக்குச் சான்றாகாது. ஊறுகாய்ச் சாடி வேறு, சிசுவின் மார்பு வேறு. இதனை மறந்து எவரும் வீட்டில் உப்பைக் கரைத்துக் குழந்தைக்குப் புகையூட்ட முற்படலாகாது.

ஐந்தாம் நாள் எங்கள் குழந்தை சிரித்துக்கொண்டே வீடு திரும்பிற்று. மருந்தில்லை என்று அம்மருத்துவர் சொன்னது கையாலாகாமை என நான் எண்ணியிருந்தேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பொறுமையாகக் கேட்டறிந்த உண்மையையே அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒன்றைச் செய்யத் துடிக்கும் கையை, அறிவு தடுத்து நிறுத்துவதும் ஒருவகைச் சிகிச்சையே.