மாட்டு டாக்டர்கள் வந்த பஸ்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. மனிதன் இந்தப் பூமியிலிருந்து அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டுதான். ஒன்று பெரியம்மை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த எல்லோரும் அதைச் சொல்லிவிடுவீர்கள். இரண்டாவது எது? போலியோ என்று அவசரப்பட வேண்டாம், அது இன்னும் முழுதாக ஒழியவில்லை. இரண்டாவது, மாட்டுக்கு வரும் வெக்கை நோய். 2011-இல் உலகத்தை விட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். பாடப்புத்தகத்தில் பெரியம்மைக்கு இடம் கொடுத்தவர்கள் வெக்கைக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லையே என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், என்னிடம் படித்து இன்று அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருக்கிற ஒரு பிள்ளை (பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்), தன் கல்லூரித் தோழர்களையும் வெளிமாநிலத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர்களையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி நம் பக்கம் அழைத்து வந்தாள். மொத்தம் 30 பேர். மறுநாள் முதுமலை. அதற்கு முன்னால் ஒரு நாள் நம் அரியலூர் மாவட்டம். "டீச்சர், நீங்கதான் மைக் பிடிச்சுப் பேசணும்" என்றாள். நம் குடும்பக் குழுவில் ஒரு தம்பி, "மாட்டு டாக்டருங்களுக்குக் கோயில்லயும் ஏரியிலயும் என்னக்கா வேலை?" என்று கேட்டிருந்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

விடியற்காலையில் கரைவெட்டி. 1999-இல் பறவைகள் சரணாலயமான ஏரி. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறைந்தால்தான் அங்கே பறவைக்கும் வாழ்வு, வயலுக்கும் வாழ்வு. பஸ்ஸை விட்டு இறங்கிய டாக்டர்கள் முதலில் எதைப் பார்த்தார்கள் தெரியுமா? கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாட்டை! அதன் கண், மூக்கு, சாணம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பைனாகுலரை எடுத்தார்கள்.

அங்கே வரித்தலை வாத்து வருகிறது. திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வந்து நம் ஏரியில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை. தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். நமக்கு அது அதிசயம். டாக்டர்களுக்கு அதற்குமேல் ஒரு கணக்கு இருக்கிறது. 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. அதில் அதிகம் செத்தது இந்த வரித்தலை வாத்துதான். எந்த நாட்டு ஏரியில் என்ன நோய் என்பது இங்கே கோழி வளர்க்கிற அம்மாவுக்கும் சம்பந்தப்பட்ட செய்தி என்று ஒரு கேரளத்து டாக்டர் சொன்னார். செத்த பறவையைக் கண்டால் வெறுங்கையால் தூக்காதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்து வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். நம் மண் ஒரு காலத்தில் கடல் என்பதை வகுப்பில் நத்தைக்கல்லைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும். ஆனால் எலும்பு தெரிந்தவர்களிடம் சொல்ல என்னிடம் வேறொரு கதை இருந்தது. நம் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான டைனோசர் எலும்புகளை வைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியல் அறிஞர்கள் 1980-களில் அதற்குப் 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புள்ள பல்லி என்று பொருள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் மாமிசம் தின்னி என்று நினைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள தழைதின்னி வகை என்றார்கள். உலகத்தில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிற பேச்சு இன்றும் நடக்கிறது. பேச்சுதான் நடக்க முடியும். ஏனென்றால் அந்த எலும்புகள் இப்போது இல்லை. மழையும் வெயிலும் பட்டு நொறுங்குகிற நிலையில் இருந்தவை பொடியாகிப் போயின. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். இதைக் கேட்டதும் பஸ்ஸுக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மதியம் நம்ம விக்கிரமங்கலம். டீ, முறுக்கு, வீட்டு மோர். சோழர் காலத்தில் வணிகர்கள் இருந்த ஊர் இது, புத்தர் சிலையும் சமணச் சிற்பங்களும் கிடைத்த ஊர் என்று சொல்லிவிட்டு, வணிகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மார்க்கோ போலோவுக்குப் போனேன். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த அந்த வெனிஸ்காரர் எழுதி வைத்திருப்பது கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய விஷயம். பாரசீக, அரபுத் துறைமுகங்களிலிருந்து வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. ராஜாக்கள் கொட்டிக் கொடுத்து வாங்கினார்கள். வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின. இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. சோற்றோடு கறியைச் சமைத்துக் கொடுத்தார்களாம், குதிரைக்கு! இதில் வியாபாரிகளின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். அவர்கள் குதிரை வைத்தியரைக் கூட்டி வரவுமில்லை, தானாக வர இருந்தவரை வரவிடவுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! மார்க்கோ போலோ நிறையக் கதை விடுவார் என்பார்கள். இந்த இடத்தில் அவரை நம்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லாபம் போகிற வழி எந்தக் காலத்திலும் ஒன்றுதானே.

மாட்டைப் பொறுத்தவரை நம்மவர்கள் அப்படி ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. மாட்டு வாகடம் என்று தனி நூல்களே இருந்தன. ஆனால் வெக்கை வந்தால் வாகடமும் கை கொடுக்காது, அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதுதான் வழி. காய்ச்சல், வாயில் புண், தண்ணீராய்க் கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் தொழுவம் காலி. உழவுமாடு போனால் அந்த வருடம் உழவு போச்சு, வண்டி போச்சு, கடன் வந்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் உருவாக இந்த வெக்கை ஒரு முக்கியக் காரணம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் 20 மாணவர்களோடு தொடங்கி, இரண்டு வருடத்தில் வேப்பேரிக்குப் போனது. ராணிப்பேட்டையில் 1932-இல் தடுப்பு மருந்து நிலையம் வந்தது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். இந்தியாவில் வெக்கையைக் கடைசியாகக் கண்டது 1995-இல். லியோனில் பள்ளி தொடங்கிச் சரியாக 250-ஆவது வருடம், 2011, நோய் ஒழிந்தது. இதைச் சொன்னதும் டாக்டர்கள் அவர்களுக்கே கைதட்டிக்கொண்டார்கள். தட்டட்டும். வேறு யார் தட்டினோம்?

அதே நோயின் பங்காளி ஆட்டுக்கொல்லி நோய். அதை 2030-க்குள் ஒழிக்க உலக அளவில் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஊரில் ஆடு வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளே, ஊசி போட்டாச்சா?

சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கமுகக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அங்குள்ள பெரிய நந்தி ஒரே கல்லில் செதுக்கியதல்ல, மேலே சுதை பூசியது. அதன் முன்னால் ஒரு பட்டிமன்றமே நடந்தது. திமிலையும் அலைதாடியையும் பார்த்து அது எந்த இனம் என்று! காங்கேயம் என்றார் ஒருவர், உம்பளச்சேரி என்றார் இன்னொருவர். எங்க ஊர் மாடு என்றார் ஆந்திராக்காரர். சிற்பிக்குத்தான் தெரியும்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பஸ் முதுமலைக்குக் கிளம்பியது. மாட்டுக்கும் குதிரைக்கும் என்று படித்தவர்களைக் காட்டுக்குள் கொண்டுபோனவை வனத்துறையின் வளர்ப்பு யானைகள்தான். மரம் இழுத்த யானைக்குக் காயம், வயிற்றுவலி, பிரசவம் எல்லாம் உண்டே. அந்த வேலையைக் காட்டு விலங்கு மருத்துவமாகவே வளர்த்தவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. வேப்பேரியில் படித்தவர். செத்துக் கிடந்த காட்டு யானையைச் சும்மா புதைத்துவிடாமல் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதிவைக்க வேண்டும் என்று நின்றவர். தந்தத்துக்காகச் சுட்ட குண்டு உடம்புக்குள் இருப்பதை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? 2002-இல் காலமானார். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை அவரைப் பற்றியதுதான். படிக்காதவர்கள் இந்த விடுமுறையிலேயே படித்துவிடுங்கள்.

முதுமலை போகிறவர்கள் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். காலையிலும் மாலையிலும் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து ஊட்டுவார்கள். எந்த யானைக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும். யானையைப் பார்க்கிற வேகத்தில் அந்தப் பலகையைப் படிக்காமல் வந்துவிடாதீர்கள்.