கைப்பேசிக்கு ஏற்ற வீடியோ மாற்றம்

கணினிக்கோ தொலைக்காட்சிக்கோ உரியதாக அமைந்த வீடியோ கோப்பை, கைப்பேசி ஏற்று ஓட்டத்தக்க வடிவில் திரும்ப அமைத்துக்கொள்ளும் முறை வீடியோ மாற்றம் எனப்படும்; வழக்கில் இதனைக் கன்வெர்ட் செய்தல் என்பர். வீடியோ கோப்பு என்பது சுருக்கப்பட்ட படம், சுருக்கப்பட்ட ஒலி, இவ்விரண்டையும் காலப்பிசகின்றி இணைத்துத் தாங்கும் கொள்கலம் ஆகிய மூன்றும் கூடியது. எம்பி4, எம்கேவி, ஏவிஐ, 3ஜிபி என்பன கொள்கலங்கள், எச்.264, எச்.265 முதலியன படத்தைச் சுருக்கும் கோடெக்குகள். ஆதலின், கோப்பின் பெயரை முடிக்கும் எழுத்துகளை மட்டும் கண்டு, இஃது ஓடும், இஃது ஓடாது என்று நிர்ணயித்தல் பொருந்தாது.

2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் வெளிவந்த கைப்பேசிகளுக்குச் செயலியின் சக்தியும் சேமிப்பிடமும் அற்பமாயிருந்தமையால், 3ஜிபி கொள்கலத்தில் எச்.263 படமும் ஏஎம்ஆர் ஒலியும் வைப்பது சாமானிய வழக்கமாயிற்று. பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்குரிய டிவிடியில் 720 × 576 பிக்சல்கள் கொண்ட ஒரு ஃபிரேம், இக்கைப்பேசி வடிவில் 176 × 144 ஆகக் குறுகும்போது, ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கே எஞ்சுமாகையால், முகங்கள் தெரிந்தும் சப்டைட்டில் எழுத்துகள் மங்கிப்போயின. ஏஎம்ஆரின் ஆரம்ப வகையோ தொலைபேசி உரையாடலுக்கென்றே வகுக்கப்பெற்று, விநாடிக்கு 8,000 மாதிரிகளே எடுப்பது. அதனால் வசனம் தெளிவாகக் கேட்டாலும், வயலினின் உச்ச ஸ்வரங்களும் ஜாலராவின் ஒலியும் தம் இயல்பை இழந்தன.

2003-இல் வெளியான எச்.264 இந்நிலையைப் பெரிதும் மாற்றிற்று. எனினும், 2005-இல் வந்த வீடியோ ஐபாட் போன்ற சிறு சாதனங்கள், அதன் எளிய பிரிவாகிய பேஸ்லைன் வகையை மட்டுமே, 320 × 240 அளவில் ஏற்றன. முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைச் சார்ந்து கணிக்கப்படும் பி-ஃபிரேம்கள் அவ்வகையில் இல்லாமையால், சாதனத்தின் உழைப்பு குறைந்தது. பின்னர் எச்.265 2013-இலும், ஏவி1 2018-இலும் தோன்றின.

மாற்றத்துக்கு எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் என்னும் மென்பொருள்கள் பெருவழக்கில் உள்ளன. அவற்றுள் முன்னது ஃபாப்ரிஸ் பெல்லார்டினால் 2000-இல் தொடங்கப்பெற்றது. எம்கேவி கோப்பினுள் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்து, கைப்பேசியின் பிளேயர் கொள்கலத்தை மாத்திரம் மறுக்குமாயின், உள்ளிருப்பவற்றைத் தொடாமல் எம்பி4-க்குப் பெயர்த்தாலே போதும். இதில் தரம் சிறிதும் குன்றாது, நேரமும் அதிகம் செல்லாது. கோடெக்கே மாறவேண்டிய இடத்தில்தான் மறுசுருக்கம் அவசியமாகிறது. அப்போது கோப்பின் அளவை நிர்ணயிப்பது பிட்ரேட்: படத்துக்கு விநாடிக்கு 1,500 கிலோபிட்டும் ஒலிக்கு 128 கிலோபிட்டும் ஒதுக்கினால், இரண்டு மணி நேரத் திரைப்படம் சுமார் 1.47 ஜிபி ஆகும். இணையவழி ஓட்டுவதாயின், ஃபிரேம்களின் இருப்பிடம் கூறும் அட்டவணையைக் கோப்பின் முற்பகுதியில் அமைத்தல் நலம். அஃது இறுதியில் கிடந்தால் படம் தொடங்கத் தாமதமாகக்கூடும்.

மறுசுருக்கம் ஒவ்வொன்றும் முன்னைய சுருக்கத்தில் எஞ்சிய நுட்பங்களுள் சிலவற்றை மேலும் களைவதாகும். பிட்ரேட்டை உயர்த்தினாலும் இழந்தவை மீளா. ஆகையால், புதிய கைப்பேசிக்காக மறுபடியும் மாற்ற நேருங்கால், முன்பு மாற்றிய பிரதியை விடுத்து மூலக் கோப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.