தோல்பாவைக்கூத்தின் நகைச்சுவை

தோல்பாவைக்கூத்து என்பது, பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவங்களை வெட்டி, ஒளி ஊடுருவும்படி வண்ணம் தீட்டி, விளக்குக்கும் வெள்ளைத் திரைக்கும் நடுவே அசையவிட்டுக் கதை சொல்லும் நிழற்கலையாகும். இராமாயணம், அரிச்சந்திரன் கதை, நல்லதங்காள் கதை ஆகியவற்றை நிகழ்த்தும் இக்கூத்தில், உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இரு கோமாளிகள் இடையிடையே தோன்றி, நடக்கும் கதையையும் அதைப் பார்க்க வந்த ஊரையும் ஒருசேர எள்ளி நகையாடுவர். வளர்ந்தோருக்கான அசைபட நகைச்சுவைத் தொடர் என்று இன்று தொலைக்காட்சியில் வழங்கும் வகைக்குத் தமிழ் மரபில் மிக நெருங்கி நிற்பது இக்கோமாளிப் பகுதியே.

ஆற்றல் வாய்ந்த பாவை என்னும் கற்பனைக்குத் தமிழில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் சில நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைச் சார்ந்தவை. வல்வில் ஓரி ஆண்ட இம்மலையில் தெய்வம் அமைத்த பாவை ஒன்று இருந்ததாக நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய நூல்களின் பாடல்கள் கூறுகின்றன. காற்றும் மழையும் இடியும் தாக்கினும் அதன் அழகு குன்றாது என்பது நற்றிணை தரும் செய்தி. அந்தப் பாவை தன் சிரிப்பாலேயே அசுரரை மயக்கிக் கொன்றது என்ற கதை பிற்கால மரபில் வளர்ந்தது. மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கருதி மக்கள் இன்றும் வழிபடுகின்றனர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்றான பாவையும், அசுரரின் போர்க்கோலம் குலையத் திருமகள் ஆடியதாகவே சொல்லப்படுகிறது. வலியவனைப் படையின்றி நிலைகுலையச் செய்யும் ஆற்றலைத் தமிழ் மனம் பாவைக்கு நெடுங்காலமாக அளித்து வந்துள்ளது என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

பாவையாட்டத்துக்கும் பழைய சான்றுகள் உண்டு. திருக்குறள் கயிற்றால் இயங்கும் மரப்பாவையை உவமையாக்குகிறது. தோலால் ஆன பாவையை ஆட்டும் கூத்தைத் திருவாசகம் குறிப்பிடுகிறது. இக்குறிப்பு வரலாற்று நோக்கில் முக்கியமானது. ஏனெனில், இன்று தமிழ்நாட்டில் இக்கலையை நிகழ்த்துவோர் மராத்தியின் கிளைமொழியொன்றை வீட்டில் பேசும் மண்டிகர் குடும்பத்தினர் ஆவர். இவர்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி ஏற்பட்டதை ஒட்டித் தமிழகத்துக்கு வந்தவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அக்கருத்தை ஏற்றாலும், அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தோல்பாவை தமிழர்க்கு அறிமுகமாகியிருந்தது என்பதை மறுக்க இயலாது.

கூத்தின் அமைப்பே அதன் நகைச்சுவைக்கு இடம் தருகிறது. திரைக்குப் பின்னால் அமரும் ஒரே கலைஞர் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் தாமே குரல் மாற்றிப் பேச, குடும்பத்தினர் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா ஆகியவற்றுடன் பின்பாட்டுப் பாடுவர். இராமாயணக் கதை பல இரவுகள் தொடரும். அதன் போக்கை மாற்றும் உரிமை கலைஞருக்கு இல்லை. கோமாளிகளுக்கு அக்கட்டு கிடையாது. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அயோத்தியில் நிற்கும்போதே அன்றைய விலைவாசியைப் பேசலாம், அதிகாரம் செய்வோரை ஏசலாம், கணவன் மனைவி பூசலைக் கொச்சையாகவே நடித்துக் காட்டலாம். எழுதி வைத்த உரையாடல் இல்லாததால், ஊருக்கேற்பவும் கூட்டத்துக்கேற்பவும் நகைச்சுவை ஒவ்வோர் இரவும் புதிதாகப் பிறந்தது. காவியம் பழையதாகவே இருக்க, கேலி மட்டும் காலத்தோடு நடந்ததுதான் இக்கூத்து நீடித்ததற்கான முதன்மைக் காரணம் எனலாம். கொல்லிமலையைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் வட்டாரங்களின் தெருக்கூத்தில் கோமாளி ஆற்றும் பணியும் இத்தகையதே.

அண்டை, அயல் மரபுகளிலும் இத்தகைய கோமாளிகள் காணப்படுகின்றனர். ஆந்திரத் தோலுபொம்மலாட்டத்தில் ஜுட்டுப்போலிகாடும் பங்காரக்காவும், சாவகத்தின் வயாங் கூத்தில் செமாரும் அவன் மக்களும், துருக்கி நிழற்கூத்தில் கராகோஸும் ஹாசிவாத்தும் இதே இடத்தை வகிக்கின்றனர். ஆனால், கம்பராமாயணத்தைப் பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழ்த்தும் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்து, கோமாளியைவிடப் பாடலுக்கும் அதன் விளக்கத்துக்குமே முதன்மை தருவது.

தொலைக்காட்சிக் காலத்தில் வளர்ந்தோருக்கான அசைபட நகைச்சுவை வேறு நிலங்களில் தழைத்தது. மேட் குரோனிங் உருவாக்கிய அமெரிக்கத் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’, 1987இல் சிறு துணுக்குகளாகத் தொடங்கி, 1989 டிசம்பர் முதல் அரைமணி நேர நிகழ்ச்சியாகி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கிறது. அதன் சிறுவன் பார்ட் பத்து வயதைத் தாண்டுவதே இல்லை. தோலில் வெட்டிய உளுவத்தலையனுக்கும் அவ்வாறே வயது ஏறுவதில்லை. மூப்படையாத பாத்திரமும் நாள்தோறும் மாறும் கேலியும் சேரும்போது ஒரு தொடர் எத்தனை தலைமுறைக்கும் ஓடும் என்பதை இரண்டும் மெய்ப்பிக்கின்றன. இந்தியாவில் என்டிடிவியின் இந்தி நிகழ்ச்சியான ‘குஸ்தாகி மாஃப்’, அரசியல் தலைவர்களைப் பாவைகளாக்கிக் கேலி செய்தது. தமிழில் விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ திரைப்படங்களைப் பகடி செய்து புகழ்பெற்றது. ஆனால் அதில் நடித்தவர்கள் மனிதர்களே.

திரைப்படம் பரவியபின் கூத்துக் குடும்பங்களின் வருவாய் சுருங்கியது. கூட்டத்தைத் தக்கவைக்கத் திரைப்பாடல்களுக்கான ஆட்டங்களைச் சேர்த்தனர். அரசின் விழிப்புணர்வுப் பரப்புரைகளுக்காக நிகழ்த்தியும் பிழைத்தனர். அதிகாரத்தை ஏசிய கோமாளியே அதன் அறிவிப்புகளைச் சொல்ல நேர்ந்தது, கலைஞரின் வறுமை எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டுகிறது. மு. இராமசாமியும் அ. கா. பெருமாளும் இக்கலையை ஆராய்ந்து நூல்கள் எழுதியுள்ளனர். எனினும், அந்தந்த இரவில் வாய்மொழியாகவே பிறந்த கேலியில் பெரும்பகுதி எங்கும் பதிவாகாமல் போயிற்று. மூத்த கலைஞர்களின் நினைவில் எஞ்சியிருப்பதை ஒலி, ஒளி வடிவில் தொகுப்பது காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டிய பணியாக உள்ளது.